மோரிப்புக்கு நாள் குறித்தது

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் ஆசிரியையாகச் சேர்ந்திருந்த பெண்கள் பள்ளியில், விடுமுறையின்போது பெரிய வகுப்புப் பிள்ளைகளை மோரிப் கடற்கரைக்கு அழைத்துப்போய் மூன்று இரவு தங்கவைப்பது என்று முடிவாயிற்று. ஏற்பாட்டை முழுக்கப் பெரிய டீச்சர் என்னிடம் விட்டார்.

பெரிய டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், கிறிஸ்தவர். எப்போதும் வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. வேடிக்கையாகப் பேசும்போதுகூட முகத்தில் சிரிப்பு இருக்காது.

“பிள்ளை, நீர் கணக்கிலே கெட்டி. எவ்வளவு அரிசி, எத்தனை பாய், ஆர் ஆர் எங்கே படுக்கிறது எண்டு எல்லாம் நீரே பாரும். என்னட்டை விட்டால் நான் வேதப் புத்தகமும் நுளம்பு வலையும் மட்டும்தான் கொண்டு வருவன்.”

கிள்ளானில் கடை வைத்திருந்த ஒருவர், கடலோரத்தில் தனக்கிருந்த மரவீட்டைத் தங்கிக்கொள்ளத் தந்தார். உயரமான மரக்கால்களின் மேல் நிற்கும் வீடு. அத்தாப்பு ஓலைக் கூரை, இரண்டு அறை, முன்னால் அகலமான வராந்தா, அதிலிருந்து மணலுக்கு இறங்கும் மரப்படி. பின்னால் ஒரு கிணறு, அதன் தண்ணீர் உப்புக் கரிக்கும். எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். நான் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் கப்பலில் வந்தவர்கள். நான் இங்கே பிறந்தவள். கடல் எனக்குப் பூகோளப் பாடத்தில்தான் வந்தது.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. ரயில்வே கிளார்க்குகளின் பெண்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரும் வகுப்பில், எஞ்சின் கொட்டகையில் கரி துடைக்கும் ஆளின் மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நான் உள்ளே போனால் அவர்கள் எழுந்து நின்றார்கள்.

ஆனால் அந்த மாதங்களில் பெருமைகூட ஒரு பழக்கமாகத்தான் இருந்தது. எதுவும் உறைக்கவில்லை. சோறு தின்றேன், ருசி தெரியவில்லை. அழுதாயா என்று கேட்டவர்களிடம் இல்லை என்றேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைக் கேட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆள் ஒன்றுக்கு எவ்வளவு அரிசி, அத்தனை பேருக்கு எவ்வளவு, கருவாடு கெடாமல் எத்தனை நாள் இருக்கும், குடிதண்ணீர் எத்தனை மண்ணெண்ணெய் டின்னில் போக வேண்டும் என்று யோசிப்பது மட்டும் சுலபமாக இருந்தது. ஒரு கேள்வி, ஒரு விடை. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அம்மாவின் அஸ்தி அப்போது ரயில்வே தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னாலிருந்த மாமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன மண்கலயம். வாயை வெள்ளைத்துணியால் கட்டி, கொட்டகையிலிருந்து கொண்டுவந்த கயிற்றில் அப்பா தொங்கவிட்டிருந்தார். அஸ்தியைக் கூரைக்குக் கீழே கொண்டுபோகக்கூடாது. மற்றவர்கள் சில நாளிலேயே கிள்ளானுக்குப் போய் ஆற்றிலோ கடலிலோ கரைத்துவிடுவார்கள். அப்பா மட்டும் இராமேஸ்வரம் என்றார். அங்கே ஒரு தடவை முங்கி எழ வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஊருக்குப் போகும் லீவு வரும்போது கையோடு கொண்டுபோய்விடலாம் என்று இருந்தார். லைன் பிள்ளைகள் அந்த மரத்தடிக்கு வருவதை விட்டுவிட்டார்கள். மாங்காய் விழுந்தால்கூட யாரும் பொறுக்கவில்லை.

லீவு வரவில்லை. அந்த ஆண்டு ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலும் ரயில்வேயிலும் ஆட்களை வேலையிலிருந்து கழித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போகச் சம்மதித்தவர்களுக்குக் கப்பல் டிக்கெட் சும்மா கிடைத்தது. அப்பாவையும் கேட்டார்கள். போயிருந்தால் அம்மா இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்திருப்பாள். அதே பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என் தங்கையின் படிப்பும் என் வேலையும் அத்தோடு நின்றிருக்கும். அப்பா டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். எங்களிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மோரிப் பயணத்தைப் பற்றி நானும் தங்கையும் பேசிக்கொண்டிருந்ததை அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“நீங்க தங்கப் போற எடத்துக்கு கடல் கிட்டத்துலயா?”

“படி எறங்குனா கடல்தான்ப்பா.”

“பெரிய கடலா, ஆறு வந்து விழுற எடமா?”

“பெரிய கடல்.”

தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“அப்ப அம்மாவ அங்க எறக்கிரலாம்,” என்றார். “அந்தக் கடலும் இந்தக் கடலும் ஒண்ணாத்தான இருக்கு? போய்ச் சேந்துராது?”

“சேரும்ப்பா. மலாக்கா நீரிணை தாண்டுனா வங்காள விரிகுடா.”

வகுப்பில் ஒப்பிப்பதுபோல் சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது அப்பா, கரைக்க வேண்டியதும் அவர்தான். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பகலில் ஓய்வு. அதோடு, அமாவாசை மாதிரி நாள் தவிர மற்ற நாட்களில் கடலைத் தொடக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காலண்டரைப் புரட்டினேன். விடுமுறைக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமாவாசையாக இருந்தது. சனிக்கிழமை போய்ச் செவ்வாய்க்கிழமை திரும்புவது என்று மோரிப்புக்கு நாள் குறித்துப் பெரிய டீச்சரிடம் கொண்டுபோனேன்.

“இருட்டு நாளிலையோ பிள்ளையளைக் கொண்டு போகப் போறீர்? நிலவு நாளாய்ப் பாத்தால் விளக்குக்கு எண்ணெய் மிச்சம்.”

“அமாவாசையில்லாத நாளில் கடலில் இறங்க வீட்டில் விடமாட்டார்கள், டீச்சர். பாதிப் பிள்ளைகள் கரையில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.”

“ஓ. உங்கட கடல் நாள் பாத்துத்தான் திறக்குமோ?”

“அன்றைக்குத் தண்ணீரும் நிறைய இருக்கும். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கமிருந்து இழுக்கும்.”

“அது சரி. படிப்பிச்சது வீண் போகேல்லை,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் அப்பா பார்க்க வருவார் என்று சேர்த்துச் சொன்னேன். வரட்டும், சோறு கூடப் போடும் என்றார். எதற்கு வருகிறார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அத்தைக்கு இந்த நாள் பிடிக்கவே இல்லை. அம்மா போனபிறகு எங்கள் வீட்டு அடுப்பு, துணி, தங்கையின் தலைப்பேன் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர் அவர்.

“வயசுப் புள்ளைங்கள அமாவாச அன்னிக்குக் கடல்ல எறக்குவாங்களா? காத்து கருப்பு எல்லாம் அன்னிக்குத்தான் ஊர் சுத்தும்.”

“அமாவாசையில இல்லன்னா கடலையே தொடக்கூடாதுங்கறாங்களே அத்தை.”

“அது ஆம்பளைங்களுக்கு. ஒனக்குப் படிச்சுப் படிச்சு நல்ல நாளும் தெரியல, கெட்ட நாளும் தெரியல. வீட்டுல நல்லா அடுப்பு இருக்க, கடக்கரைல போயி அடுப்பு மூட்டப் போறாளுங்களாம் லா, டீச்சரம்மாவும் பெரிய டீச்சரம்மாவும்.”

சொல்லிவிட்டு, கடற்காற்றுக்கு என்று வறுத்த மிளகுப்பொடி ஒரு டப்பா இடித்துக் கொடுத்தார்.

மற்ற ஏற்பாடுகள் தடங்கல் இல்லாமல் நடந்தன. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை ரயில், அங்கிருந்து லோரி. கிளார்க் வீட்டுப் பெண்கள் ஓர் அறையிலும் லைன் வீட்டுப் பெண்கள் இன்னோர் அறையிலும் தாங்களாகவே பிரிந்துகொள்வார்கள் என்று தெரியும். அதனால் படுக்கும் இடங்களை உயர வரிசைப்படி பிரித்து எழுதினேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல தண்ணீர் டின்களில் ஏற்றினேன். குளிக்கக் கிணறும் கடலும் போதும்.

அஸ்தியை அரிசி மூட்டைகளோடும் பெண்களோடும் லோரியில் ஏற்ற முடியாது. அப்பா தனியாக ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுவருவார். மதியம் வந்து இறங்கியதும் நேராகக் கடலுக்குப் போய்க் கரைத்து, முங்கி, துணி மாற்றிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். அன்று இரவிலிருந்து அவருக்கு இரவு முறை வேலை தொடங்குகிறது. ஆள் கழிக்கும் காலத்தில் ஓர் இரவு தவறினால் மறுநாள் போக இடமிருக்காது. நான் போட்ட திட்டங்களில் அதுதான் மிகச் சுருக்கமானது.

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் போய் இறங்கியபோது கடல் மரப்படி வரை வந்து நின்றது. பிள்ளைகள் லோரியிலிருந்து குதித்து ஓடினார்கள். தங்கை பாவாடையை நனைத்துக்கொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் படியில் நின்று பார்த்தேன். இதுதானா என்று இருந்தது. தண்ணீர் எந்தப் படி வரை வருகிறது என்று மட்டும் கவனித்து வைத்துக்கொண்டேன். அப்பாவுக்குச் சௌகரியமாக இருக்கும், இரண்டு எட்டு வைத்தால் இடுப்பளவு.

மறுநாள் காலையிலும் தண்ணீர் அங்கேயே இருந்தது. பிள்ளைகளைக் குளிக்க இறக்கிக் கரையேற்றிவிட்டு, மதியச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்து நின்றாள்.

“அக்கா, கடல் போயிட்டிருக்கு.”

“எங்க போவுது?”

“அந்தப் பக்கம்.”

எழுந்து போய்ப் பார்த்தேன். படியடியில் ஈரமணல் கிடந்தது. மணலுக்கு அப்பால் சாம்பல் நிறச் சேறு பளபளத்தது. அதற்கும் அப்பால் தண்ணீர். சோறு கொதித்து இறக்குவதற்குள் தண்ணீர் என்று சொல்ல ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான் மிச்சம். எவ்வளவு உயருமோ அவ்வளவு வற்றும் என்பதும் அதே பாடத்தில், அடுத்த வரியில் இருந்திருக்கும். எனக்கு முதல் வரிதான் நினைவில் நின்றது.

பயமோ பதற்றமோ வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பிப் போய்க் குழம்புக்குப் புளி கரைத்தேன்.

அப்பா சாலையிலிருந்து நடந்து வந்தார். துவைத்த வேட்டி. மார்போடு சேர்த்துப் பிடித்த துண்டுக்குள் கலயம். இப்படிப்பட்ட காரியத்துக்கு வருகிறவரை வாங்க என்று அழைக்கக்கூடாது. நான் வராந்தாவிலிருந்து இறங்கிப் போய் அவர் எதிரில் நின்றேன். வீட்டை அடுத்திருந்த சவுக்கு மரத்தடியில் நின்றுகொண்டு அவர் கடலைத் தேடினார்.

“தண்ணி எங்க?”

“காலைல படி வரைக்கும் இருந்துச்சுப்பா.”

“அமாவாசைக்குப் பொங்கி வரும்னு சொன்ன.”

“வரும். சாயந்தரம்.”

“சாயந்தரம் நான் கொட்டகைல நிக்கணும்.”

அதில் கோபம் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கலயத்தைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி சேற்றில் இறங்கினார். பத்துப் பதினைந்து எட்டில் முழங்கால் புதைந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் தொடை வரை போய்விட்டது. ஒரு காலை எடுத்தால் மற்றது இறங்கியது. நின்று யோசித்தார். பிறகு கலயம் சாயாமல் மெதுவாகத் திரும்பினார்.

பிள்ளைகள் எல்லாரும் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷன் கிளார்க்கின் மகள், வகுப்பிலேயே உயரமான பெண், மேலிருந்து கேட்டாள்.

“டீச்சர், சேத்துல நிக்கிறது யாரு?”

“என் அப்பா.”

“கையில என்ன டீச்சர்?”

“என் அம்மா.”

அவள் கம்பியை விட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

பெரிய டீச்சர் குடையோடு இறங்கி வந்தார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

“ஐயா, வெய்யிலிலை நிக்கிறியள். மேலை வந்து இருங்கோ, ஒரு வாய் சாப்பிடலாம்.”

“இத வச்சுக்கிட்டு கூரைக்குக் கீழ வரக்கூடாதுங்கம்மா.”

அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏன் இந்த அமாவாசை, ஏன் இந்த ஞாயிறு என்று அப்போது விளங்கியிருக்கும். தன் குடையை மடக்கிக்கொண்டு எங்களோடு வெயிலில் நின்றார்.

“பின்னேரம் தண்ணி ஏறும். நிண்டு போகேலாதோ?”

“ராத்திரி வேலைங்கம்மா. திருப்பி எடுத்துட்டுப் போகவும் மனசு வரல. கூட்டிட்டு வந்தாச்சு.”

அப்பா கலயத்தை என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

“நான் பொம்பளப்பா.”

“வேற யாரு இருக்கா. எல்லாம் நீதான ஏற்பாடு பண்ணுன, இதையும் பண்ணு.”

“என்ன சொல்லணும்னுகூடத் தெரியாது.”

“எனக்கும்தான் தெரியாது. ரயிலு நிக்கற எடமெல்லாம் அவகிட்ட சொல்லிட்டே வந்தேன். பெட்டாலிங் வந்துருச்சு, கிள்ளான் வந்துருச்சு, எறங்கு, இனி பஸ்ஸுன்னு. அதே மாதிரி சொல்லிட்டு விட்ரு.”

“இராமேஸ்வரம்னு சொல்லணுமா?”

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பொய் சொல்லாத. மோரிப்னு சொல்லு.”

மாமரத்தில் தொங்கவிட்டிருந்த அதே கயிற்றால் கலயத்தைச் சவுக்குக் கிளையில் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டு, வேட்டியில் சேறு காயக் காய, சாலைக்கு நடந்தார். இந்தக் காரியத்தில் போய்வருகிறேன் என்றும் சொல்லக்கூடாது. அவர் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். அப்பாவுக்கு என்று வைத்த பங்கைத் தங்கை தின்றாள்.

வெயில் தாழ்ந்தபோது கடல் திரும்பி வந்தது. ஓடிவரவில்லை. பாயை விரிப்பதுபோல் சேற்றின் மேல் மெல்லியதாகப் பரவிக்கொண்டே வந்து, மணலைத் தொட்டு, முதல் படியை எடுத்தது, பிறகு இரண்டாவதை. பெரிய டீச்சர் எல்லாப் பெண்களையும் வீட்டின் பின்பக்கம் அழைத்துப்போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் குரல் பலகைகளைத் தாண்டி வந்தது. எங்கள் பாட்டு இல்லை, ஆனாலும் பாட்டுதான்.

கலயத்தை அவிழ்த்துக்கொண்டு நானும் தங்கையும் படிக்கருகே இடுப்பளவு தண்ணீரில் இறங்கினோம். நான் நினைத்ததைவிட அது லேசாக இருந்தது.

“அம்மா, மோரிப் வந்துருச்சு,” என்றேன்.

தங்கை பக்கத்தில் நின்று, “படி வழுக்கும்மா, பாத்து எறங்கு,” என்றாள்.

துணியை எடுத்துவிட்டுக் கவிழ்த்தேன். கனமானவை உடனே இறங்கின. சாம்பல் தண்ணீரின் மேல் விரிந்து, ஓர் அலைக்கு எங்கள் பாவாடைப் பக்கமே திரும்பி வந்து, ஒட்டிக்கொண்டு, அடுத்ததற்குப் போயிற்று. கலயம் மூழ்காமல் மிதந்தது. படியில் வந்து முட்டியது. தங்கை இரண்டு தடவை அதைத் தள்ளிவிட்டாள். மூன்றாம் தடவை நான் அதில் தண்ணீரை நிரப்பி அமுக்கிப் பிடித்தேன், அது போகும் வரை. அழுகை வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. இருவரும் முங்கி எழுந்தோம்.

கரையேறியபின்தான் என் திட்டத்தில் இன்னொரு ஓட்டை தெரிந்தது. கரைத்துவிட்டு வந்தால் தலைக்கு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணறு உப்பு. டின்களில் இருப்பது குடிக்கவும் சமைக்கவும்தான். பின்பக்கம் ஈரத்துணியோடு நின்றோம். பெரிய டீச்சர் ஒரு டின்னைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

“குடிக்கக் குறையும், டீச்சர்.”

“குறைஞ்சால் நான் இளநி குடிப்பன். குனியும்.”

முதலில் தங்கைக்கு, பிறகு எனக்கு ஊற்றினார். பிடரியில் விழுந்து முதுகில் இறங்கிய அந்தத் தண்ணீர் குளிர்ந்தது. அது குளிர்ந்தது என்று எனக்குத் தெரிந்தது. பல் கிட்டியது. தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தை கொடுத்த மிளகுப்பொடியைப் போட்டு ரசம் வைத்தேன். காரம் நாக்கில் லேசாகத் தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் வீடு திரும்பினோம். இரவு வேலை முடித்து வந்த அப்பா படுத்திருந்தார். நான் உள்ளே போனதும் கண்ணைத் திறந்தார்.

“தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?”

“கீழருந்து ரெண்டாவது படி வரைக்கும்.”

“மோரிப்னு சொன்னியா?”

“சொன்னேன்ப்பா.”

தலையை அசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டிய பெரிய பாத்திரங்கள் கரி பிடித்துக் கிடந்தன. சாம்பலும் புளியும் எடுத்துக்கொண்டு அவற்றைத் தேய்க்கப் பின்பக்கம் போனேன். வெயிலாக இருந்ததால் மாமரத்தடியில் உட்கார்ந்து தேய்த்தேன். கிளையில் கயிறு அறுத்த தடம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த லைன் பையன்கள் இருவர் வந்து, நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மாங்காய்க்குக் கல் எறியத் தொடங்கினார்கள்.